நந்தவனத் தெரு மடங்கிக்கிடந்த காலம்

ஆறு ஒன்று ஊரைத் தொட்டும் தொடாமலும் போகும். அந்த ஊருக்குப் பூவரசநல்லூர் என்று பெயர். ஊர் நகரமாகி, நகரம் மாநகரமான பின்பும் பெயரிலிருந்த மரத்தை அது உதறிவிடவில்லை. அதன் கீழ்ப்புறத்தில் நந்தவனத் தெரு என்றொரு தெரு இருந்தது. இருந்தவரையில் அப்படியொரு தெரு இருப்பதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. மூக்கு இருப்பதை, அது அடைத்துக்கொள்ளும் வரையில், யார் எண்ணுகிறார்கள்?

அந்தத் தெரு மடங்கிய கதையை வடக்குச் சிறகில், அந்த வரிசை வீடுகளில் கேட்டால் ஒருவிதமாகச் சொல்வார்கள்; எதிரே தெற்குச் சிறகில் கேட்டால் வேறுவிதமாகச் சொல்வார்கள். இரண்டு சிறகிலும் சேராத பாடம் ஒன்றும் உண்டு. அது எந்தச் சிறகிலும் வீடில்லாத வெள்ளத்தாய் என்னும் இஸ்திரிக்காரியைச் சுற்றி நடப்பது. இங்கே சொல்லப்படுவது அந்தப் பாடம்.

வெள்ளத்தாயின் தள்ளுவண்டி, தெருவின் நடுப்பகுதியில், பூட்டிக்கிடந்த ஒரு வீட்டின் முன்னால் நின்ற புங்கமரத்தடியில் நின்றது. அந்த வீட்டுக்காரர்கள் வடக்கே எங்கோ போய் அங்கேயே வேர்விட்டுவிட்டதால், வண்டியை எடு என்று சொல்ல அந்த வாசலில் ஆள் இல்லை; ஆளில்லாத வாசல்தான் வாசலில்லாதவளுக்கு வாய்த்தது. குடியிருப்பு ரயில் பாதைக்கு அப்பால் ஒரு வாடகைக் குச்சில் என்றாலும், எங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் அவள் நந்தவனத் தெரு என்றுதான் சொல்வாள். அது பொய்யுமல்ல, ஏனென்றால் விடிந்ததிலிருந்து வெளிச்சம் வடியும்வரை அவள் இருந்தது அங்கேதான், கரி கனன்றது அங்கேதான், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர்கள் இருந்ததும் அங்கேதான்.

தெருவுக்கு வயதாகிவிட்டிருந்தது. தாருக்கு மேல் தார், அதற்கு மேல் இன்னொரு தார் என்று ஊற்றி ஊற்றித் தெரு உயர்ந்துகொண்டே போக, வீடுகள் ஒவ்வொரு படியாய் இறங்கிக்கொண்டே போயின. மழை பெய்தால் தண்ணீர் விருந்தாளியைப் போல நேராகக் கூடத்துக்கு வந்தது. இப்படி மூப்படைந்த தெருக்களையெல்லாம் திருத்தி அமைக்கவேண்டும் என்று மாநகராட்சி முடிவுசெய்து பொறியாளர்களை அமர்த்தியது. நந்தவனத் தெருவுக்கு வந்து சேர்ந்தவர் தில்லைநாயகம். வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் பணிவானவர். ஒரே ஒரு குறை, ‘முடியாது’ என்ற சொல் அவர் நாவில் ஏறியதே இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் சித்தப்பா கேட்டார் என்று தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர் என்று அவருடைய அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு.

காகிதத்தில் வரைந்த படம் மக்களுக்குப் புரிவதில்லை என்பது அவர் கண்ட அனுபவம். ஆகவே அவர் தமக்கென ஒரு முறை வைத்திருந்தார். ஒரு மூட்டைக் கோலப்பொடியை இறக்கி வைத்துவிட்டு, அவரவர் வீட்டுக்கு முன்னால் எது எது வேண்டுமோ அதை அந்த அளவில் தெருவிலேயே கோடு போட்டுக் காட்டுங்கள், அதைப் பார்த்துத்தான் நான் வரையப்போகிறேன் என்று சொல்லிவிடுவார். நந்தவனத் தெருவிலும் மார்கழி மாதத்து ஒரு காலையில் அப்படித்தான் சொன்னார்; கோலமாவு பிடித்துப் பழகிய கைகளுக்கு அது எளிதாக இருந்தது, எளிதாக இருந்ததுதான் வினையாயிற்று.

முதலில் இறங்கியவர் கோதண்டம் பிள்ளை. தெருவாசிகள் சங்கத்துக்குச் செயலாளர், ஓய்வுபெற்ற கருவூல அதிகாரி, புதிதாகக் கார் வாங்கியவர்.

“ஏ வெள்ளத்தாய், வண்டிய அந்தாக்ல கொஞ்சம் தள்ளிக்கிடுதியா? கோடு போடணும்.”

“எதுவரைக்கும் தள்ளட்டும் அண்ணாச்சி?”

“கோடு முடியிற வரைக்கும்.”

“கோடு எங்க முடியுது?”

“போட்டாத்தானட்டீ தெரியும்? வக்கீல் மாதிரி கேக்கா பாரு.”

அவருடைய மனைவி கனகவல்லி குனிந்து காருக்கு ஒரு கட்டம் போட்டாள். கார்க் கதவைத் திறக்க ஒரு கட்டம் போட்டாள். கார் திரும்ப வேண்டுமே என்று பிள்ளை நினைவூட்ட அதற்கும் ஒரு வளைவு போட்டாள். எதிர்வீட்டிலிருந்து எஸ்தர் டீச்சர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளையும் டீச்சரும் ஒரு தென்னை ஓலை விழுந்த விவகாரத்தில் பேச்சை முறித்துக்கொண்டு, ஒருவருக்குச் சொல்லவேண்டியதைக் காற்றுக்குச் சொல்லும் உறவில் நெடுங்காலமாக இருந்தவர்கள்.

“காருக்கே இம்புட்டுன்னா என் பாலனுக்கு எம்புட்டு வேணும்?” என்றார் டீச்சர் காற்றிடம், கிறிஸ்துமஸ் குடிலுக்கு இடம் குறித்தபடி.

“பாலன் மாட்டுத் தொழுவத்துல பொறந்தாருன்னுல்லா சொல்லுதாவ,” என்றார் பிள்ளை புங்கமரத்திடம். “அரண்மனைக்குக் கோடு போட்டா எப்படி?”

“மாடு நிக்க எடம் வேண்டாமாக்கும்? ஒட்டகம் வேற வருது.”

“போடுங்க, போடுங்க, பாத்துக்கலாம்,” என்றார் தில்லைநாயகம்.

அதற்குப் பிறகு சிறகு இரண்டும் இறங்கிவிட்டன. ஸ்கூட்டர் ஏற்றச் சாய்தளம், இன்வெர்ட்டர் கூண்டு, செம்பருத்திப் பாத்தி, சாயங்காலம் இரண்டு நாற்காலி போட்டு உட்கார இடம், மகள் பிரசவத்துக்கு வந்தால் மருமகன் வண்டிக்கு இடம், தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குக் காவலாக ஒரு திட்டு என்று அவரவர் கேட்டது எல்லாம் நியாயமான கேள்விதான். ஒன்றுகூட ஆசையால் பெருத்த கோடு என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் வெள்ளத்தாய் வண்டியை ஒரு முழம் தள்ளினாள், பின்னும் ஒரு முழம் தள்ளினாள், தள்ளித் தள்ளித் தெருமுனைக்கே வந்துவிட்டாள். கோடு போட்டவர்கள் கை கழுவிக் காப்பி குடிக்க உள்ளே போனார்கள். தெருவில் எஞ்சியவர்கள் பொறியாளரும் அவளும்தான். அவருக்கு அப்போதுதான் அவளைக் கேட்கவில்லையே என்று தோன்றியது.

“உங்களுக்கு எவ்வளவும்மா வேணும்?”

அந்தத் தெருவில் யாரும் அவளை ‘உங்களுக்கு’ என்று கேட்டதில்லை. வெள்ளத்தாய் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். வடக்கிலிருந்து வந்த கோடும் தெற்கிலிருந்து வந்த கோடும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படிந்து தெரு முழுதும் பால் சிந்தியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

“எங்க சார் போட? கருப்பா ஒரு எடம் காட்டுங்க. அங்க போடுதேன்.”

தில்லைநாயகம் கையிலிருந்த பொடியோடு கருப்பைத் தேடினார். இல்லை என்றும் சொல்ல வரவில்லை, இருக்கிறது என்றும் சொல்ல வழியில்லை. அவர் வாய் திறந்து நின்ற அந்தக் கணத்தில் தெரு மடங்கியது.

துவைத்த சேலையை இரண்டு பெண்கள் இரு தலைப்பில் பிடித்து மடிப்பதுபோல் மடங்கியது என்பது தெற்குச் சிறகுப் பாடம். மேய்ந்து களைத்த பசு முன்னங்காலை மடக்கிப் படுப்பதுபோல் என்பது வடக்குச் சிறகுப் பாடம். எதிலும் சத்தம் இல்லை. ஒரு டம்ளர் உருளவில்லை, ஒரு சுவர் விரியவில்லை. வடசிறகு வாசலும் தென்சிறகு வாசலும் ஒன்றோடொன்று வந்து பொருந்திக்கொண்டன. காப்பி குடித்துவிட்டுக் கோடு கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்த கோதண்டம் பிள்ளை, எஸ்தர் டீச்சரின் கூடத்தில் கால் வைத்தார்.

“என்ன பிள்ளைவாள்,” என்றார் டீச்சர், இத்தனை காலத்துக்குப் பிறகு நேராக அவரைப் பார்த்து, “செருப்ப அந்தப் பக்கம் கழத்தக் கூடாதா?”

மக்கள் இதற்குப் பழகிய விதத்தைச் சொல்லப் புகுந்தால் அது தெருவைவிட நீளம். வெளியே போவதற்குப் பின்புறத்துச் சாக்கடைச் சந்துகள் இருந்தன. ஒருவர் போனால் ஒருவர் ஒதுங்கவேண்டிய சந்துகள் அவை. பெயர்ப் பலகைகளைக் குளியலறைச் சுவர்களில் மாட்டிக்கொண்டார்கள், தபால்காரர் முதலில் இருமிவிட்டுப் பிறகு பெயர் சொல்லக் கற்றுக்கொண்டார். தன் வீட்டு முன்வாசலைத் தானே உள்ளிருந்து தட்டிவிட்டுத் திறக்கவேண்டும் என்பது சில நாளில் மரியாதையாகி, சிறு பிள்ளைகளுக்கும் அது பாடமாயிற்று. வாசலில்லாத பெண்கள் மார்கழிக் கோலத்தை மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். அதைப் பார்த்து நின்றவை காக்கைகள். தெருவிளக்குக் கம்பங்கள் யார் யார் கூடத்தில் அகப்பட்டனவோ அவர்களுக்கு மின்கட்டணம் குறைந்தது. எதிர்வீட்டுச் சாம்பாரில் பெருங்காயம் கூட என்று இதுவரை வாசனையால் மட்டும் அறிந்திருந்தவர்கள் இப்போது சுவைத்தே சொன்னார்கள். இரு வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஒரே தொடர் ஓடியதால் ஒன்றை அணைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று பாலனின் குடில் பிள்ளை வீட்டு நிலைப்படியில் பாதியும் டீச்சர் வீட்டு நிலைப்படியில் பாதியுமாக அமைய, ஒட்டகம் பிள்ளையின் பக்கம் நின்றது; அதற்குக் கனகவல்லி ஒரு மணி நெல் வைத்தாள்.

வீடுகளின் தூக்கமும் கலந்துவிட்டது. மதியம் சாப்பிட்டுக் கதவைத் திறந்துபோட்டுப் படுத்தால், ஒரு வீட்டின் கனவு எதிர்வீட்டுக்குள் நடந்து போயிற்று. பிள்ளையின் கனவில் டீச்சரின் பழைய மாணவிகள் வரிசையாக நின்று வாய்ப்பாடு சொன்னார்கள். டீச்சரின் கனவில் கருவூலத்து இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ள, உள்ளே பூ மட்டும் இருந்தது. விழித்ததும் இருவரும் அவற்றை மாற்றிச் சொல்லிக்கொண்டு காப்பி குடித்தார்கள். தென்னை ஓலை விவகாரத்தில் தவறு யார் பக்கம் என்பது இருவருக்குமே மறந்து, அது மறந்துபோனது அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

சுவரும் கூரையும் உடையவர்களுக்குத் தெரு போனதில் எதிர்வீடு கிடைத்தது. தெருவை மட்டுமே உடையவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் எல்லோரும் தெருமுனையில், மடிப்பு வந்து முடியும் சுவரோரம், பெருஞ்சாலையின் புழுதியில் கூடிக்கிடந்தார்கள்: தெருநாய்கள், கீரைக்காரி, பழைய பேப்பர்காரர், வெள்ளத்தாய். அவள் அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் இரு சிறகுக் கூரைகளுக்கும் நடுவே, ஒட்டிய சுவர்களிலிருந்து எழும்பி, புங்கமரத்தின் தலை மட்டும் தெரியும். நிழலும் அங்கேயே விழுந்தது, கூரைமேல்.

மாநகராட்சி மேற்பார்வையாளர் வந்தார்.

“உன் வண்டிக்கு அனுமதி நந்தவனத் தெருவுல. இது மெயின் ரோடு. இங்க நிக்கக் கூடாது.”

“நந்தவனத் தெரு எங்கன்னு காட்டுங்க சார், போயி நிக்கேன்.”

“தெரு இருக்கா இல்லையாங்கிறது எங்க பிரிவு இல்லம்மா. பொங்கல் கழியிறதுக்குள்ள திறந்தா சரி. இல்லேன்னா பைபாஸுக்கு அந்தாக்ல விற்பனை வளாகம் கட்டிக் கெடக்கு, அங்க போயிரு.”

“அங்க ஆளு இருக்காவளா?”

“இனிமேத்தான் வருவாவ.”

“துணி உடுத்திக்கிட்டுத்தான வருவாவ?”

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. கீரைக்காரி சிரித்தாள். ஆனால் வெள்ளத்தாய்க்கு அன்றிலிருந்து கரி கனன்றாலும் கை சூடேறவில்லை. பைபாஸுக்கு அப்பால் பொட்டல். அங்கே அவளைத் தெரிந்த ஒரு சட்டையும் இல்லை. யார் சட்டைக்குக் கழுத்துப்பட்டை விறைப்பாக வேண்டும், யார் பாவாடையில் எங்கே தையல் விட்டிருக்கும் என்று தெரிந்த இருபுறத்து வீடுகளுக்கு நடுவே ஒரு புங்கமர நிழல், அவ்வளவுதான் அவள் இந்த ஊரில் சம்பாதித்தது. பொங்கலுக்குள் தெரு திறக்காவிட்டால் அதுவும் இல்லை.

தில்லைநாயகம் நாள்தோறும் வந்து அவள் வண்டியருகே ஒரு கல்லில் உட்கார்ந்தார். மடிப்பைப் பார்க்க அவரோடு வந்த மற்றப் பொறியாளர்கள், இல்லாத தெருவில் எங்களுக்கு என்ன வேலை என்று ஊர் திரும்பிவிட்டார்கள். அவர் மட்டும் சுவரைத் தட்டிப் பார்ப்பார், மடிப்பில் காது வைத்துக் கேட்பார். போட்ட கோட்டை அழித்தால் சரியாகும் என்றால், கோடு மடிப்புக்குள் இருந்தது.

“கேட்டதையெல்லாம் குடுக்காம நாலு பேருகிட்ட முடியாதுன்னு சொல்லியிருந்தா என்ன சார்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“சொல்லியிருக்கலாம்மா,” என்றார். “வாய் வரைக்கும் வந்துச்சு.”

“வாய் வரைக்கும் வந்தது வெளிய வர்றதுக்கு என்ன, பெட்டி போட்டா இழுக்கணும்?” என்று அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்ட, அவர் பயந்ததுபோல் பின்னால் சாய்ந்தார்.

பொங்கல் வந்தது, போயிற்று. அதற்கு மறுநாள் விடியற்காலையில், எஸ்தர் டீச்சர் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்து, “டீச்சரம்மா, சீனி கொறவு,” என்று சொல்லிவிட்டு, கோதண்டம் பிள்ளை நாற்காலியில் சாய்ந்தபடியே காலமானார்.

நந்தவனத் தெரு மடங்கிய பிறகு அங்கே நேர்ந்த முதல் சாவு அது. பிறப்புக்கும் பண்டிகைக்கும் வழி கண்டுபிடித்தவர்கள், போவதற்கு வழி கண்டுபிடித்திருக்கவில்லை. சாக்கடைச் சந்தில் பாடை திரும்பாது. திரும்பினாலும், சங்கச் செயலாளரைக் குளியலறை ஓரமாகக் கொண்டுபோவதா என்று உறவுகள் கொதித்தன. டீச்சர், என் கூடத்து வழியாகக் கொண்டுபோங்கள், எனக்கு ஒரு சங்கடமும் இல்லை என்றார். அவர் வீட்டுக்குப் பின்னாலும் அதே அகலத்தில் ஒரு சந்துதான். மனிதர் முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கித்தான் போகவேண்டும், தெருவோ இல்லை. அமரர் ஊர்தி பெருஞ்சாலையில் பூமாலையோடு காத்து நின்றது.

பிள்ளையின் தம்பி சங்கரலிங்கம் பொங்கலுக்காகச் சொந்த ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் தெருமுனைக்கு வந்து வெள்ளத்தாயை உற்றுப் பார்த்தார்.

“ஏட்டி, நீ பிச்சாண்டி மக தான?”

“ஆமா.”

“அப்பவே நெனச்சேன். உங்கய்யா எங்க ஊர்ல எத்தன கேதத்துக்கு நடைமாத்து விரிச்சிருக்கான்! மாத்து விரிச்ச எடந்தான் பாதை. நாலு சேலைய எடுத்து உள்ள பாத்து விரி, தெரு தானா வரும். வந்தா உனக்கும் வண்டி நிறுத்த எடம் ஆச்சுல்லா?”

நடைமாத்து என்பது பிணம் போகும் வழியெங்கும் தரையில் துணி விரிப்பது. தூக்கிகள் மிதித்துப் போனதும் அதை எடுத்து முன்னால் ஓடி மறுபடி விரிப்பது. சுடுகாடு வரையில் அப்படியே குனிந்தபடி போய், மிதிபட்ட துணியையெல்லாம் மூட்டை கட்டி ஆற்றில் வெளுப்பது: அதுதான் அவளுடைய அப்பனின் முறைவேலை. சிறுமியாக அவர் பின்னால் ஓடி ஓடி அந்தத் துணிகளைப் பொறுக்கியவள் அவள். அவர் முகத்தை நினைத்தால் அவளுக்கு முதுகுதான் ஞாபகம் வரும். அந்த முறையிலிருந்து தப்பித்துத்தான் இந்த ஊருக்கு வந்தாள். நின்றுகொண்டு செய்யும் வேலை வேண்டும் என்றுதான் இந்த வண்டியை வாங்கினாள்.

தராசின் இரண்டு தட்டும் அவள் முன்னால் தொங்கின. விரித்தால் தெரு வரும், மரநிழல் வரும், வளாகத்துக்குப் போகவேண்டாம்.

“எடம் வரும்,” என்றாள். “ஆனா வண்டிதான் நிக்கும் அய்யா. நான் குனிஞ்சே கெடப்பேன். நான் விரிக்க மாட்டேன்.”

“சாவு வீட்டுல வச்சு மொறண்டு பிடிக்கா பாரு!”

சங்கரலிங்கத்தின் பின்னால் வந்து நின்ற எஸ்தர் டீச்சருக்கு, அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “யாரு விரிச்சா என்ன வெள்ளத்தாய், இப்ப அதப் பாக்க நேரமா? மனுசன் நாற்காலியிலயே இருக்காரு,” என்றார்.

“யாரு விரிச்சா என்னன்னா நீங்க விரிங்க டீச்சர்.”

கோபத்தில் வந்த சொல்தான் அது. சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றிருந்தது. டீச்சர் சந்து வழியாகத் திரும்பிப்போனார். போனவர், ஞாயிறு ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையை அலமாரியிலிருந்து எடுத்துத் தம் நிலைப்படியில், வாழ்க்கையில் முதல்முறையாகத் தரையைத் தொடும்படி, குனிந்து விரித்தார்.

விரித்த அகலத்துக்கு நிலைப்படி நகர்ந்தது. துணிக்குக் கீழே தார் இருந்தது, தாரின் மேல் அழியாமல் கோலப்பொடி இருந்தது, மேலே ஒரு கீற்று வானம் இருந்தது.

கனகவல்லி அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். பெட்டியிலிருந்த கூறைப்புடவையை எடுத்துத் தன் பக்கத்து நிலைப்படியில் விரித்தாள். காருக்குப் போட்ட கட்டமும், கதவுக்குப் போட்ட கட்டமும், திரும்புவதற்குப் போட்ட வளைவும் அந்தப் பட்டுக்குக் கீழே போயின. பக்கத்து வீடு பார்த்தது, அதன் எதிர்வீடு பார்த்தது. வேட்டி, போர்வை, பள்ளிச் சீருடைத் துப்பட்டா, மேசை விரிப்பு, பிரசவத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த பழஞ்சேலை என்று ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு துணி இறங்க, மடிப்பு ஒவ்வொரு வீடாகப் பிரிந்து தெருமுனையை நோக்கி வந்தது. காற்று வந்தது. நாய்கள் எழுந்து நின்றன.

நடுவில் ஒருவர் மட்டும் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முனைக்கு எட்டும்படி குரல் கொடுத்தார்: “இஞ்சினியர் சார், வண்டி நிறுத்த மட்டும் ஒரு ஓரம் விட்டுட்டு விரிக்கலாமா?”

தில்லைநாயகம் வாய் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “முடியாதுங்க,” என்றார். சொல்லிவிட்டுத் தம் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பாடை தூக்கிகளின் தோளேறிக் கோதண்டம் பிள்ளை முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினார். சங்கு ஊத, துணிமேல் நடந்து, பூ இறைத்துக்கொண்டு வந்த கூட்டம் பாதித் தெருவில் நின்றுவிட்டது. பூட்டிய வீடு. அதற்கு எதிர்வீட்டார் விரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் விரிக்க ஆளில்லை. தெரு அங்கே பாதிதான் திறந்திருந்தது. மறுபாதியை, பூட்டிய கதவும் வாசலில் மாட்டிக்கொண்ட புங்கமரமும் அடைத்து நின்றன. ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம், பாடை நுழையாது.

முனையிலிருந்து வெள்ளத்தாய் உள்ளே வந்திருந்தாள். கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்தது.

“இப்பமாவது விரிட்டீ,” என்றார் சங்கரலிங்கம். யாரோ அவள் வண்டியிலிருந்து தேய்த்து அடுக்கிய வேட்டி ஒன்றை உருவிக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

“அது அடுத்தவங்க துணி,” என்றாள் அவள், வாங்காமல். “நான் ஒண்ணு கேக்கேன். இது யாரு வாசல்?”

வடக்கே போனவர்களின் பெயரை ஒருவர் சொல்ல ஆரம்பித்து, அந்தப் பெயரே மறந்துபோய் நிறுத்தினார். தூக்கிகள் தோள் மாற்றிக்கொண்டார்கள். அப்போது பின்னாலிருந்து, தன் வாசலைத் தாண்டக் கூடாத நிலையில் படியிலேயே நின்ற கனகவல்லியின் குரல், இழவின் கரகரப்போடும் ஒரு பழைய அதட்டலோடும் வந்தது.

“உன் வாசல்தான் வெள்ளத்தாய். வேற யாரு அங்க இருந்தா? உன் வாசலுக்கு நீ விரிக்கணும்னா விரி. இல்லேன்னா விடு, அவரு அங்கனயே இருக்கட்டும். அவசரமா ஓடிப் போயி என்னத்தக் கிழிக்கப் போறாரு!”

சாவு வீடு என்பதை மறந்து இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெள்ளத்தாய் வண்டிக்குத் திரும்பி, அடித்தட்டில் சுருட்டி வைத்திருந்த தன் மாற்றுச் சேலையை எடுத்துவந்தாள். சாயம் போன பூனம் சேலை. அதை அவள் இரண்டாகவும் மடிக்கவில்லை, நான்காகவும் மடிக்கவில்லை. முழுச் சேலையையும் ஓர் உதறு உதறி, பூட்டிய வீட்டின் முன்னால், மரத்தின் தூரிலிருந்து நடுத்தெரு வரைக்கும் விரித்தாள். மற்ற வாசல்களில் இடுங்கி வந்த தெரு அங்கே மட்டும் சேலையின் முழு நீளத்துக்கு அகன்று திறந்தது. மரம் சோம்பல் முறித்து நிமிர்ந்தது. கூரைமேல் கிடந்த நிழல் இறங்கித் தரைக்கு வந்தது. குனிந்து விரித்தவள் நிமிர்ந்து, தன் வாசலில் நிற்பவள் நிற்பதுபோல் ஓரமாக நின்றாள். கோதண்டம் பிள்ளை அவளைக் கடந்து போனார். மற்றவர்கள் செய்ததுபோல் அவளும் கைகூப்பினாள்.

அடுத்த வாரம் மேற்பார்வையாளர் வந்து, தெரு இருப்பதையும் தெருவில் வண்டி இருப்பதையும் பார்த்துவிட்டு, தம் பிரிவுக்கு இங்கே வேலை இல்லை என்று போனார். கார்கள் பெருஞ்சாலையிலேயே நிற்கத் தொடங்கின. கதவைத் தட்டிவிட்டுத் திறக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் போகவில்லை. ஆனால் அதெல்லாம் பின்னால்.

அன்று பகலில், ஆண்கள் காட்டுக்குப் போன பிறகு, தெரு நெடுகிலும் மிதிபட்ட துணிகள் கிடந்தன. பட்டிலும் பருத்தியிலும் செருப்பில்லாத கால்களின் புழுதித் தடம், நசுங்கிய சாமந்தி. பெண்கள் வாசல்களில் நின்றார்கள். மிதிபட்ட மாத்தை யார் எடுப்பது என்பதில் அந்த நாட்டில் இரண்டாவது வழக்கம் கிடையாது. ஆகவே யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை, வெறுமனே காத்திருந்தார்கள்.

வெள்ளத்தாய் தன் பூனம் சேலையை எடுத்தாள். உதறினாள். பூவிதழ்கள் பறந்தன. பிறகு தெருமுனைக்குப் போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கிடந்த துணிகளின்மேல் சக்கரம் ஏறாமல் வளைத்து வளைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, மரத்தடியில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கரிக்கு விசிற ஆரம்பித்தாள்.

தெரு நெடுநேரம் அப்படியே நின்றது. பிறகு எஸ்தர் டீச்சர் படியிறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன் வெள்ளைச் சேலையைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தெரு எப்படி மடங்கியது என்பதில் பாடங்கள் வேறுபடும். சங்கரலிங்கம் என்ன சொன்னார் என்பதிலும், கனகவல்லியின் பட்டு என்ன நிறம் என்பதிலும் வேறுபடும். ஆனால் அன்று பிற்பகல் நந்தவனத் தெருவின் இரு சிறகிலும், ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டிலும், அவரவர் துணியை அவரவர் துவைக்கும் சத்தம் கேட்டது என்ற இடத்தில் எல்லாப் பாடங்களும் ஒன்றையே சொல்கின்றன.